பதினைந்தரை ஜோடி நாய்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்தவன். பதினோரு வருடமாக அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். என்னிடம் வரும் குதிரைகளில் சில, வேட்டைக்குப் போகிறவை. அதில் ஒன்றின் சொந்தக்காரர் போன நவம்பரில், "கால் வீக்கத்தை மட்டும் பார்த்தா போதுமா டாக்டர், அது ஓடுறதையும் ஒரு நாள் வந்து பாருங்க" என்றார். அந்த ஒரு காலைப் பொழுதைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

குதிரை மேல் ஏறி, நாய்களை முன்னால் விட்டு, அங்கே அவர்கள் துரத்துவது கயோட்டி. நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முதல் இருபது கிலோ எடை, சாம்பலும் பழுப்பும் கலந்த ரோமம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் 1650ஆம் ஆண்டிலேயே வேட்டை நாய்களையும் கப்பலில் கொண்டுவந்துவிட்டார்கள். கிழக்குக் கரையில் செந்நரியைத் துரத்திய அந்தப் பழக்கம், மேற்கே புல்வெளிக்கு வந்ததும் கயோட்டியைப் பிடித்துக்கொண்டது. செந்நரி நெருக்கடி வந்தால் வளைக்குள் புகுந்துவிடும். கயோட்டி பெரும்பாலும் தன் கால்களைத்தான் நம்பும். நேர்கோட்டில் மைல் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

டென்வருக்குத் தெற்கே ஹைலேண்ட்ஸ் ராஞ்ச் என்ற இடத்தில் 1929ல் லாரன்ஸ் ஃபிப்ஸ் என்பவர் இங்கிலாந்து நாய்களை வைத்து இந்த வேட்டையை நடத்தினார். அன்று அது வெறும் மேய்ச்சல் நிலம். இன்று அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். குதிரைகள் ஓட இடமில்லாமல் வேட்டையும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

இதெல்லாம் நமக்கு முற்றிலும் அந்நியமான விஷயமும் இல்லை. ஊட்டியின் வென்லாக் புல்வெளியில் வெள்ளைக்கார அதிகாரிகள் இதே மாதிரி நாய்களோடு, குதிரை மேல், நம் நரியைத் துரத்தியிருக்கிறார்கள்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. புல்லெல்லாம் உறைபனி. வண்டியின் கதவைத் திறந்ததும் நாய்கள் இறங்கின. வெள்ளை, கறுப்பு, பழுப்பு மூன்றும் கலந்த உடம்பு, நீண்ட காது. எத்தனை என்று கேட்டேன். "பதினைந்தரை ஜோடி" என்றார் வேட்டைத் தலைவர். முப்பத்தொன்று என்று அர்த்தம். இவர்கள் நாய்களை ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள். குட்டி நாயை அனுபவமுள்ள நாயோடு கழுத்துப்பட்டையில் இணைத்துப் பழக்கும் வழக்கமும் உண்டு.

அவரிடம் இருந்தது ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு ஊதுகொம்பு. அவ்வளவுதான். துப்பாக்கி யாரிடமும் எனக்குத் தென்படவில்லை. வேலியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் முன்னால் போனார்கள். எனக்கு அந்தத் திறமை கிடையாது. வேலிக் கதவைத் திறந்து திறந்து போகும் கடைசிக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். மேட்டிலிருந்து பார்ப்பதற்கு அதுதான் நல்ல இடம் என்பது அப்புறம் புரிந்தது.

நம் சிப்பிப்பாறை நாய் கண்ணால் பார்த்துத் துரத்தும். முயல் கண்ணை விட்டு மறைந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இவை மூக்கால் ஓடுகிறவை. பத்து நிமிடத்துக்கு முன் கயோட்டி கடந்துபோன இடத்தில், அதன் பாதமும் உடம்பும் விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துக்கொண்டு போகும். தரை கதகதப்பாகவும் மேலே காற்று குளிர்ச்சியாகவும் இருந்தால் வாசனை நாயின் மூக்கு உயரத்துக்கு எழும்பி நிற்கும் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. வெயில் ஏறி நிலம் காய்ந்தால் தடம் கலைந்துவிடும். கொலராடோவின் வறண்ட காற்றில் அந்த நேரம் மிகவும் குறைவு.

ஓடைக்கரைப் புதரில் ஒரு நாய் குரல் கொடுத்தது. மற்றவை உடனே நம்பிவிடவில்லை. அருகில் போய் முகர்ந்தன. இரண்டாவது குரல், மூன்றாவது குரல், அப்புறம் முப்பத்தொன்றும் சேர்ந்து. கோயிலில் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதுபோல் அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில் உருண்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிர் மேட்டில் ஒருவர் தொப்பியைக் கழற்றி, கையை நீட்டி, தன் குதிரையின் முகத்தையும் அதே திசையில் திருப்பி நின்றார். கயோட்டியைக் கண்டவர் அப்படித்தான் காட்ட வேண்டும். அவர் காட்டிய பக்கம் நானும் பார்த்தேன். அது பதறவே இல்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாட்டு மந்தைக்கு நடுவில் நுழைந்து போனது.

அங்கேதான் நாய்கள் தடத்தை விட்டன. நூறு மாடுகளின் வாடையில் ஒரு கயோட்டியின் வாடையை எங்கே தேடுவது? தலைவர் அசையவில்லை. கொம்பையும் எடுக்கவில்லை. நாய்கள் தாங்களே விசிறிபோல் விரிந்து தேடட்டும் என்று காத்திருந்தார். வேலியோரம் ஒரு வயதான பெட்டை நாய் வாலை ஆட்டியது. சத்தம் கொடுக்கவில்லை, வால் மட்டும்தான். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். படித்த படிப்பில் நாயின் மூக்கை அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் அந்த மூக்கைத் தன் அறிவுக்கு மேலாக மதிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கயோட்டி பிடிபட்டதா என்று கேட்பீர்கள். இல்லை, நெடுஞ்சாலைப் பக்கம் போனதும் நாய்களைத் திருப்பிவிட்டார்கள். பிடிபடும் நாளும் உண்டு, அன்று நாய்கள் அதைக் கொன்றுவிடும். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இங்கிலாந்தில் நாய்களை வைத்துக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. எனக்கும் அந்த உயிர் சாக வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் கயோட்டியை ஒழிக்கப் பயன்படுத்தும் கண்ணியும் விமானத்திலிருந்து சுடும் துப்பாக்கியும் அதற்குத் தப்ப எந்த வழியும் வைப்பதில்லை. இங்கே மாட்டு மந்தை இருந்தது, ஓடை இருந்தது, அதன் புத்தியும் இருந்தது.

திரும்பி வந்து எண்ணினால் பதினைந்து ஜோடிதான். ஒன்று குறைந்தது. தலைவர் மேட்டில் ஏறி நீளமாக ஒரே சுரத்தில் ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார். யாரும் குதிரையை விட்டு இறங்கவில்லை. இருபது நிமிடம் கழித்து, தூரத்துப் புல்லுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அதே வயதான பெட்டை, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தது. நான் இறங்கி மண்டியிட்டுப் பாதத்தைப் பிரித்துப் பார்த்தேன். சப்பாத்திக்கள்ளி முள் இரண்டு. பிடுங்கும்போது அது என் கையை நக்கிக்கொண்டே இருந்தது.

"இப்போ பதினைந்தரை" என்று சொல்லி வண்டிக் கதவைச் சாத்தினார்.