லேசர் சுட்ட படிகத்துக்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி?

வணக்கம். ஒரே தங்கத் தகட்டில், ஒரே கணத்தில், இரண்டு வெப்பநிலைகள் இருக்க முடியுமா? முடியும், சில பிகோ நொடிகளுக்கு மட்டும். பிகோ நொடி என்பது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. ஒரு பிகோ நொடியை ஒரு நொடியாக இழுத்தால், நீங்கள் ஒருமுறை கண் இமைக்க 9,500 ஆண்டுகள் ஆகும். சந்தேகம் உள்ளவர்கள் கணக்குப் போட்டுக் கீழே எழுதுங்கள்.

லேசர் பட்டதும் ஆற்றலை முதலில் வாங்கிக்கொள்பவை உலோகத்தின் எலக்ட்ரான்கள். அவை ஆயிரக்கணக்கான டிகிரிக்கு எகிறும்போதும் அணுக்கள் குளிர்ந்தே நிற்கும். பிறகுதான் சூடு கைமாறும். சாதாரண வெப்பமானியை வைத்தால், அது விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒளிப்புள்ளிகள்]

ஆகவே வேறொரு எலக்ட்ரான் கற்றையைத் தகட்டின் வழியே பாய்ச்சுகிறார்கள். தகடு ஒரு படிகம், அதாவது அதன் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால் திரையில் புள்ளிகள் விழும். அணுக்கள் சூடேறி நடுங்க நடுங்க அந்தப் புள்ளிகள் மங்கும். வெளிப்பக்கப் புள்ளிகள் கூடுதலாக மங்கும். இதற்கு டிபை–வாலர் விளைவு என்று பெயர். அதே படிகத்தை முன்பே அடுப்பில் மெதுவாகச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு மங்குகிறது என்று குறித்து வைத்திருந்தால், மங்கலைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவ்வளவு சிறிய நேரத்தை எந்தக் கடிகாரம் காட்டும்? கடிகாரமே வேண்டாம், அளவுகோல் போதும்! ஒரே லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று படிகத்தைச் சுடும். மற்றொன்று வேறோர் உலோகப் பரப்பில் பட்டு, மேலே சொன்ன கற்றைக்கான எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். ஒரு பிகோ நொடியில் ஒளி 0.3 மில்லிமீட்டர் போகும். வழியிலுள்ள கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால், போகவும் வரவும் சேர்த்துச் சரியாக ஒரு பிகோ நொடி தாமதம். ஒரு திருகாணியைத் திருகிக் காலத்தை நகர்த்துகிறார்கள்! இதை முதலில் படித்த அன்று நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

2003-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இந்த முறையில் அலுமினியம் உருகுவதையே பார்த்தார்கள்: 3.5 பிகோ நொடி.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கக் கணங்களில் அணுக்களின் எல்லா அதிர்வுகளும் சமமாகச் சூடாவதில்லை. மங்கிய புள்ளி தருவது சராசரியைத்தான். எந்த அதிர்வு கொதிக்கிறது என்று அறிய, புள்ளிகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் மெல்லிய புகைமூட்டத்தை அளக்க வேண்டும். புள்ளிகள் இழந்த எலக்ட்ரான்கள் அங்கேதான் போய் விழுந்திருக்கின்றன.