ஸ்டீல் ஃப்ரேம் வீட்டுக்கு வெளிப்பக்கம் எந்த போர்டு? – டர்பன் பக்கத்து நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி டோங்காட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் மனை. லைட் ஸ்டீல் ஃப்ரேம் நிறுத்திப் புது வீடு கட்டுகிறார்கள். ஃப்ரேமுக்கு வெளிப்பக்கம் அடிக்க கான்ட்ராக்டர் மூன்று போர்டு சொல்லியிருக்கிறார்: ஓஎஸ்பி (மரச் சீவல்களைப் பசை போட்டு அழுத்திய பலகை), ஃபைபர் சிமெண்ட் (நார் கலந்த சிமெண்ட் ஷீட்), மெக்னீசியம் போர்டு. “மூன்றில் எது நல்லது? ஃபைபர் சிமெண்ட் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தானே? அப்பாவுக்கு வீடு செங்கல் வீடு மாதிரித் தெரிய வேண்டுமாம், அதனால் போர்டு மேலேயே பூசிவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார்.”

அக்கா, நீங்கள் போர்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குப் பயமாக இருப்பது அந்தக் கடைசி வரி. போர்டு மேலேயே பூசுவது.

ஃப்ரேமின் மேல் அடிக்கிற இந்த போர்டுக்கு முக்கியமாக இரண்டு வேலை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஃப்ரேம் கோணிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். அப்புறம் மேலே வரும் அடுக்குகளுக்குத் தளமாக இருக்க வேண்டும். இதற்கான பலம் உங்கள் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டிய விஷயம். ஒழுங்கான தயாரிப்பு என்றால் அந்தக் கணக்குக்கான எண்கள் கம்பெனியிடமே இருக்கும். ஆனால் நம் கரையோரத்தில் சுவரைக் கெடுப்பது பலக்குறைவு இல்லை, ஈரம். கோடை முழுக்கப் புழுக்கம், மழையும் அப்போதுதான், கடற்காற்றில் உப்பு. எந்த போர்டு என்று கேட்பதற்கு முன்னால், நனைந்தால் இந்தச் சுவர் எப்படிக் காயும் என்று கேளுங்கள்.

நியூசிலாந்தில் 1990களில் ஆரம்பித்து 2000களின் தொடக்கம் வரை கட்டிய வீடுகளில் ஆயிரக்கணக்கானவை உள்ளேயே அழுகிப் போயின. மருந்தேற்றாத பைன் மரச் சட்டம், அதன் மேல் போர்டு, அதன் மேல் நேராகப் பூச்சு. பார்க்க வழவழவென்று அழகான சுவர். கூரை வெளியே நீட்டாமல் பெட்டி மாதிரி வீடு. ஜன்னல் ஓரத்தில், பூச்சின் வெடிப்பில் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. அது வெளியேற வழியே இல்லை. ஈரத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்த கதைதான். அதற்குப் பிறகு அங்கே இப்படிப்பட்ட பூச்சுச் சுவருக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கமானது. உங்கள் வீடு ஸ்டீல், அழுகாது என்று கான்ட்ராக்டர் சொல்லலாம். ஸ்டீல் அழுகாது, துருப்பிடிக்கும். போர்டு ஊறும், உள்ளே இருக்கிற பஞ்சு நனைந்தால் சூட்டைத் தடுக்காது.

அதனால் உங்கள் சுவர் உள்ளிருந்து வெளியே இப்படி வர வேண்டும்: ஜிப்சம் போர்டு, ஃப்ரேம், அதற்கு நடுவே பஞ்சு, ஃப்ரேமின் மேல் நாம் பேசுகிற போர்டு, அதன் மேல் தண்ணீரைத் தடுத்து ஆவியை வெளியே விடுகிற மெம்ப்ரேன், அப்புறம் நெட்டுக்குத்தாகப் பட்டை அடித்து இருபது மில்லி இடைவெளி, அந்தப் பட்டை மேல் இன்னொரு சிமெண்ட் போர்டு. அப்பாவுக்குப் பிடித்த பூச்சு அந்த வெளி போர்டில்தான். இடைவெளியின் அடியில் தண்ணீர் சொட்ட வழி வேண்டும், பல்லியும் கரப்பானும் ஏறாமல் வலை வேண்டும். ஜன்னலுக்கு மேலே தகடு மடித்து மெம்ப்ரேனுக்குப் பின்னால் செருக வேண்டும். பாதி வீடுகளில் ஒழுகுவது இந்த ஒரு இடத்தில்தான், சிலிக்கான் அப்பி விட்டுப் போய்விடுகிறார்கள்.

உள்பக்கம் பாலித்தீன் ஷீட் ஒட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது குளிர் நாட்டு வழக்கம், அங்கே ஆவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும். கோடையில் ஏசி போட்ட டர்பன் வீட்டில் அது வெளியிலிருந்து உள்ளே வரும். வந்து அந்த பாலித்தீன் மேல் முத்து முத்தாக நிற்கும்.

இனி போர்டுகள். இந்த இடைவெளியும் மெம்ப்ரேனும் சரியாக இருந்தால் ஓஎஸ்பி தாராளமாகப் போதும். ஆனால் ஓஎஸ்பி 3 என்ற முத்திரை பார்த்து வாங்குங்கள், அதுதான் ஈரப்பதமான இடத்தில் பாரம் தாங்கச் செய்தது. 1, 2 எல்லாம் வறண்ட உள்ளறைக்கு. பதினோரு மில்லி ஷீட் ஒன்று சுமார் 20 கிலோ, ஒருவரே தூக்கிவிடலாம். அதன் பலவீனம் ஓரம்தான். வெட்டிய ஓரம் நனைந்தால் உப்பும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. ஷீட்டுக்கு ஷீட் மூன்று மில்லி விட வேண்டும். சைட்டில் மண் மேல் அடுக்கி மழையில் விட்டிருந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். வெளி வேலைக்கான ப்ளைவுட் கிடைத்தால் அது இன்னும் நல்லது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். விலைதான் கூடும்.

ஃபைபர் சிமெண்ட் அழுகாது, கரையான் தின்னாது, எரியாது. பக்கத்து மனையின் எல்லையை ஒட்டி வரும் சுவருக்குத் தீ விதி இருக்கிறது, அங்கே இது கை கொடுக்கும். கனம் கூட, ஒன்பது மில்லி ஷீட்டே ஏறக்குறைய 35 கிலோ. ஓரத்தை ஒட்டி ஸ்க்ரூ போட்டால் உடையும். ஆஸ்பெஸ்டாஸ் பயம் நியாயமானதுதான், ஆனால் புது ஷீட்டுக்கு அது வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2008இலேயே ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டார்கள், இப்போது வருவதில் செல்லுலோஸ் நார். மனையில் பழைய கொட்டகை இருந்தால் அதன் ஷீட்டை உடைக்காதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைக் கழற்ற அதற்கென்று பதிவு பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். புது ஷீட்டை வெட்டும்போதும் மாஸ்க் வேண்டும், சிலிக்கா தூசி நுரையீரலைச் சும்மா விடாது.

மெக்னீசியம் போர்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். டென்மார்க்கில் 2010 முதல் 2015 வரை ஏராளமான கட்டடங்களில் இதை அடித்தார்கள். மெக்னீசியம் குளோரைடு சேர்த்த போர்டு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்தது, உப்புத் தண்ணீராக வழிந்தது, ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்தது, கடைசியில் கழற்றி எறிந்தார்கள். டென்மார்க்கிலேயே அந்தக் கதி என்றால் டோங்காட்டின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தை யோசித்துப் பாருங்கள். குளோரைடு இல்லை, சல்ஃபேட் வகை என்று கம்பெனி எழுத்தில் தந்தால் பேசலாம். வாய்ப்பேச்சுக்கு வேண்டாம்.

ஆக, என் வீடாக இருந்தால் ஃப்ரேம் மேல் ஓஎஸ்பி 3, வெளித்தோலுக்கு ஃபைபர் சிமெண்ட். இடைவெளி விட முடியாது என்று கான்ட்ராக்டர் அடம் பிடித்தால் ஓஎஸ்பியை மறந்துவிடுங்கள், ஃபைபர் சிமெண்டுக்குப் போங்கள். அப்போதும் அந்தச் சுவர் எனக்குப் பிடிக்காது, கான்ட்ராக்டரை மாற்றுவதுதான் மேல். ஸ்க்ரூவும் பாருங்கள்: ஜிப்சத்துக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூவை வெளியிலும் அடித்துவிடுவார்கள், கடற்காற்றில் அது நிற்காது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. போர்டு வீடு என்றாலே நம் பெரியவர்களுக்கு டின் டவுன் ஞாபகம், உம்கேனி ஆற்றங்கரையில் 1976 வெள்ளத்தில் போன தகரவீடுகள். அந்த வீடுகள் போனது ஆறு ஏறி வரும் இடத்தில் இருந்ததால். உங்களுடையது லைட் ஸ்டீல் ஃப்ரேம் வீடுகளுக்கான சான்ஸ் (SANS) 517 என்ற தென்னாப்பிரிக்கத் தரத்தின்படி இன்ஜினியர் கணக்குப் போட்டு நிற்கிற ஃப்ரேம். தட்டினால் டொக் டொக் என்று கேட்கும், அதை மறைக்க முடியாது. டிவி மாட்டும் இடத்தில் மட்டும் ஜிப்சத்துக்குப் பின்னால் ஒரு ப்ளைவுட் கொடுக்கச் சொல்லுங்கள்.

கான்ட்ராக்டர் என்எச்பிஆர்சியில், அதாவது வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்கிற தேசிய அமைப்பில், பதிவு செய்தவராக இருக்க வேண்டும், வேலை தொடங்க 15 நாளுக்கு முன்பே உங்கள் வீட்டையும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சுவரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கேளுங்கள், ஜன்னல் மேல்பக்கத்தோடு சேர்த்து. அதில் இடைவெளி வரைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.