1054 ஜூலை: ஒரு விண்மீனும் ஒரு கடிதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

இடைக்கால உலகத்திலிருந்து ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். முதலில் அக்டோபர்தான் மனதில் வந்தது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர், 1187இல் சலாகுதீன் ஜெருசலேமைப் பிடித்தது, 1307இல் பிரான்சில் டெம்ப்ளர்களை ஒரே நாளில் வளைத்தது, 1415இல் அஜின்கோர்ட், எல்லாமே அக்டோபர். ஆனால் பேச்சு முழுக்க வெட்டுக்குத்தாகப் போய்விடும். அதனால் ஒரே ஆண்டின் ஒரே மாதம் போதும் என்று வைத்துக்கொண்டேன். 1054, ஜூலை.

1054 என்றதும் சோழர் வரலாறு படித்தவர்களுக்குக் கொப்பம் போர் நினைவுக்கு வரும், யானைமேல் துஞ்சிய தேவரான ராஜாதிராஜன் நினைவுக்கு வருவார். அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஜூலை 4. சீனாவில் சோங் அரசர்களின் தலைநகரம் கைஃபெங். விடிவதற்கு முன் கிழக்கே, ரிஷபத்தின் கொம்பு நுனிக்குப் பக்கத்தில், அதுவரை இல்லாத ஒரு விண்மீன். இப்படித் திடீரென்று வந்து போகிறவற்றைச் சீனர்கள் 'விருந்தாளி விண்மீன்' என்றார்கள். இந்த விருந்தாளி சாதாரண ஆள் இல்லை. வெள்ளிக் கிரகத்தைப் போல் பகலிலேயே தெரிந்தது, நாலா பக்கமும் கதிர் நீட்டிக்கொண்டு, செவ்வெண்மை நிறத்தில், 23 நாள். அப்புறம் இரவில் மட்டும் தெரிந்து, 1056 ஏப்ரலில்தான் விடைபெற்றது. யாங் வெய்தே என்ற அரசவை வானியலர் மன்னரை வணங்கி, இது நல்ல சகுனம், நாட்டில் பெரியோர் ஒருவர் இருப்பதன் அடையாளம் என்று பலன் சொன்னார். சம்பளம் கொடுக்கிறவரிடம் வேறு என்ன சொல்வார்? ஆனால் எங்கே தோன்றியது, எத்தனை நாள் இருந்தது என்று அந்த அலுவலகம் எழுதி வைத்த கணக்குதான் இன்றைக்கும் உதவுகிறது.

இப்போது மேற்கே வருவோம். கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். ரோமிலிருந்து திருத்தந்தை, அதாவது போப், ஒன்பதாம் லியோ அனுப்பிய தூதர்கள் அங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். தலைவர் கர்தினால் ஹம்பர்ட். ஊர் மறைமுதுவர், அதாவது கிரேக்கத் திருச்சபையின் தலைமை ஆயர், மைக்கேல் செருலாரியஸ். இருவருமே முன்கோபிகள். சண்டை எதைப் பற்றி? பல விஷயம் உண்டு, ஆனால் சூடு பிடித்தது அப்பத்தில். நற்கருணைக்கு, அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் வழிபாட்டுக்கு, மேற்கே ரோமைச் சேர்ந்த லத்தீன்காரர்கள் புளிப்பில்லா அப்பம் வைத்தார்கள், கிழக்கே கிரேக்கர்கள் புளித்த மாவில் சுட்டதை வைத்தார்கள். மாவு புளிப்பதெல்லாம் ஒரு சண்டையா என்று சிரிக்க வேண்டாம். புளித்த மாவு உப்பி எழும், அதில் உயிர் இருக்கிறது, புளிக்காதது செத்த அப்பம் என்பது கிரேக்கர் வாதம். இயேசுவின் கடைசி இரவு உணவு யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்து, அதில் புளித்ததற்கே இடமில்லை என்பது லத்தீன் வாதம்.

மறைமுதுவர் தூதர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். இதற்கிடையில் ஏப்ரலில் திருத்தந்தை லியோ இறந்துபோனார், புதியவர் இன்னும் வரவில்லை. அனுப்பியவரே இல்லாத தூதர்களுக்கு என்ன அதிகாரம்? ஹம்பர்ட் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஜூலை 16, சனிக்கிழமை, ஹாகியா சோபியா கோயிலில் வழிபாடு தொடங்கும் நேரம். தூதர்கள் நேரே உள்ளே நடந்து, பலிபீடத்தின்மேல் ஒரு கடிதத்தை வைத்தார்கள். மறைமுதுவரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் சபைநீக்க ஓலை. 'கடவுள் பார்த்துத் தீர்ப்பிடட்டும்' என்று சொல்லி, காலில் ஒட்டிய தூசியை உதறிவிட்டு வெளியேறினார்கள். கோயிலின் திருத்தொண்டர், அதாவது குருவுக்கு உதவியாளர், ஒருவர் ஓலையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். வாங்கவில்லை. அது தெருவில் விழுந்தது.

அந்த ஓலையில் ஒரு வேடிக்கை உண்டு. விசுவாச அறிக்கையிலிருந்து ஒரு சொல்லைக் கிரேக்கர்கள் நீக்கிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறது. உண்மையில் அதைப் பிற்காலத்தில் சேர்த்தவர்களே லத்தீன்காரர்கள்தான். சில நாளில் மறைமுதுவரும் தூதர்களைச் சபித்துக் கணக்கை நேர் செய்தார்.

கிழக்கு மேற்குத் திருச்சபைகள் பிரிந்த நாள் என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் எழுதுகின்றன. எனக்கு அது கொஞ்சம் மிகை என்று படுகிறது. ஹம்பர்ட் நீக்கியது மறைமுதுவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும்தான், கிழக்குச் சபை முழுவதையும் அல்ல. மறைமுதுவர் பக்கமும் தூதர்களை மட்டுமே சபித்தது. 1095இல் அதே ஊர்ப் பேரரசர் படை உதவி கேட்டுத் திருத்தந்தைக்குத்தான் ஆள் அனுப்பினார். காயம் ஆறாமல் போனது 1204இல், மேற்கிலிருந்து வந்த சிலுவைப் போர் வீரர்கள் அந்த நகரத்தையே சூறையாடியபோது.

சரி, விண்மீன் எங்கே போனது? எங்கும் போகவில்லை. சீனர் கணக்குப்படி, ஹம்பர்ட் கோயிலுக்குள் நடந்த அந்தக் காலையில் அது பகல் வானத்தில் இருந்தது. சண்டை போட்டவர்கள் யாரும் அதைத் தெளிவாக எழுதி வைக்கவில்லை. எழுதியவர் ஒரு வெளியூர்க்காரர். இப்னு புத்லான், பாக்தாத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர். அந்தச் சமயத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தார், மறைமுதுவர் கேட்டுக்கொண்டதால் இதே அப்ப விவகாரத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஹிஜ்ரி 446இல், ரிஷபத்தை அடுத்த மிதுனத்தில் ஒரு விண்மீன் தோன்றியது, அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கொள்ளைநோய் வந்தது, இடுகாடுகள் நிறைந்துபோய் 14,000 பேரைப் புனித லூக்கா கோயிலில் புதைத்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். நோய்க்குக் காரணம் விண்மீன் என்று அவர் நம்பினார். அந்தக் கால மருத்துவம் அப்படி. இரண்டு சங்கதியிலும் கை வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சபைநீக்கத்தை இரு தரப்பும் 1965 டிசம்பர் 7ஆம் தேதி விலக்கிக்கொண்டன. அந்த விருந்தாளி உண்மையில் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீன். அது வெடித்த இடத்தில் இப்போது நண்டு நெபுலா என்ற வாயு மேகம் இருக்கிறது, சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில். அதன் நடுவில் எஞ்சிய கரு நொடிக்கு 30 முறை சுழல்கிறது. ஒரு மார்கழி இரவில், நண்பரின் மொட்டைமாடியில், சின்ன தொலைநோக்கி வழியாக அதைப் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்த மாதிரி ஒரு வெளிறிய கறை, அவ்வளவுதான். பனி இறங்கியிருக்கும் என்று நினைத்து வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தேன். நண்பர் பதறிப்போய்க் கையைத் தட்டிவிட்டார். மறுபடி குனிந்து பார்த்தேன். கறை அங்கேயே இருந்தது.

வணக்கம்.