டிரம்புக்கும் ஓட்டு, கருக்கலைப்பு உரிமைக்கும் ஓட்டு: மிசௌரியில் நடந்த கதை

[திரையில்: மிசௌரி வரைபடம், முழுக்கச் சிவப்பு]

அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் ஜெயிப்பார் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு 2024 நவம்பர் 5 ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றைய வாக்குச்சீட்டு அதிபர் பெயரோடு முடிந்துவிடவில்லை. பல மாநிலங்களில் கீழே தனியாகச் சில கேள்விகள் இருந்தன, அவற்றுக்கு மக்களே நேரடியாக ஆமாம், இல்லை என்று பதில் போடலாம்.

மிசௌரியையே எடுத்துக்கொள்வோம். டிரம்புக்கு அங்கே 58 சதவீதத்துக்கு மேல். கருக்கலைப்பு உரிமை நாடு முழுவதற்கும் இனி இல்லை என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றே கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை போட்ட மாநிலம் வேறு. அதே சீட்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைக்கும் 3-வது திருத்தம் கிட்டத்தட்ட 52 சதவீதத்தோடு ஜெயித்தது. குறைந்தபட்சக் கூலியை 2026-இல் மணிக்கு 15 டாலராக்கி, சம்பளத்தோடு நோய் விடுப்பும் கேட்ட 'புரபோசிஷன் ஏ' 58-ஐ நெருங்கியது. டிரம்புக்கும் போட்டு இதற்கும் போட்டவர்கள் ஏராளம் என்றால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

கென்டக்கி இன்னும் வேடிக்கை. தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தர வழிவிடும் திருத்தத்தை 120 கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றுகூட ஏற்கவில்லை. டிரம்ப் அங்கே சுலபமாக ஜெயித்தார்.

[திரையில்: 52 ✓ 57 ✗]

சரி, ஆறுதல்தானே? பாதி. புளோரிடாவில் கருக்கலைப்பு உரிமைக்கு 57 சதவீதம் கிடைத்தும் தோல்வி, ஏனென்றால் அங்கே சாசனத்தைத் திருத்த 60 வேண்டும்.

அப்புறம், மிசௌரியின் புரபோசிஷன் ஏ சாசனத் திருத்தம் இல்லை, சாதாரணச் சட்டம். அதை மாற்ற மாநிலச் சட்டமன்றம் மக்களைக் கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் இல்லை. 2025 மே 1-இல் அமலுக்கு வந்த விடுப்பு ஆகஸ்ட் 28-இல் போயே போய்விட்டது, முழுசாக நாலு மாதம்கூட இல்லை! 15 டாலர் மட்டும் தப்பியது.

கருக்கலைப்புத் திருத்தத்தை அப்படித் தூக்க முடியாது, மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும். அதனால் அதை ரத்து செய்யும் கேள்வியை 2026 நவம்பர் சீட்டுக்குச் சட்டமன்றம் அனுப்பியது. அதற்கும் பெயர் 3-வது திருத்தம்தான். போன முறை அந்த உரிமைக்காக 'ஆமாம்' போட்டவர், அதைக் காப்பாற்ற இந்த முறை 'இல்லை' போட வேண்டும்.