மீட்டர் 310 காட்டுகிறது, ஆர்.ஓ. வாங்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தை அப்படியே வாசிக்கிறேன்.

“ஐயா, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் பையன் ஒருவர் வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் வைத்தார். ஒன்று எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்று அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் பச்சையாகி, பிறகு சாக்கடை போலப் பழுப்பாகி, மேலே அழுக்கு மிதந்தது. அவருடைய தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை. அன்றிலிருந்து என் மாமியார் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதில்லை, கேன் தண்ணீர்தான் குடிக்கிறார். டி.டி.எஸ். மீட்டர் 310 காட்டியது. நாங்கள் ஆர்.ஓ. வாங்கலாமா? வாங்கினால் எத்தனை கட்டச் சுத்திகரிப்பு உள்ளதை வாங்கலாம்?”

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஏனென்றால் இதே இரண்டு தம்ளர் வித்தையை என் வீட்டுக் கூடத்தில் பார்த்துவிட்டு, அன்று மாலையே முன்பணம் கொடுத்தவன் நான்.

முதலில் அந்தப் பழுப்பு நிறத்தை விளக்கிவிடுகிறேன். அந்தக் கருவியின் கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பாகவும் இன்னொரு ஜோடி அலுமினியமாகவும் இருக்கும். உப்புகள் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து, தண்ணீரோடு வினைபுரிந்து, முதலில் பச்சையாகவும் பிறகு காற்றுப்பட்டுத் துருவின் நிறத்திலும் படியும். ஆர்.ஓ. தண்ணீர் என்பது ஒரு நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர்; அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, ஆகையால் கம்பியும் கரைவதில்லை. சகோதரி அன்று தம்ளரில் பார்த்த அழுக்கு அவருடைய குழாயிலிருந்து வந்ததன்று, அந்தப் பையனுடைய கம்பியிலிருந்து வந்தது. அடுத்த முறை யாராவது வந்தால் கம்பியை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் வித்தை காட்டிய கம்பி, எலி கடித்த கரும்பைப் போல நடுவில் மெலிந்திருக்கும்.

நம் நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும். ஸ்டெபிலைசரைப் பற்றிப் பேசியபோது சொன்னேன், ஏ.சி. பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசியபோதும் சொன்னேன்: ஒரு கருவி உங்களுக்கு ஓர் எண்ணைக் காட்டினால், அது எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், அது எதை அளந்தது என்று கேளுங்கள். இந்த 310 எதை அளந்தது?

டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு. அந்த மீட்டரின் அடியில் இரண்டு சிறிய ஊசிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைப் பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கக்கூடும் என்று மீட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த மீட்டரை இளநீரில் வைத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக நாம் இளநீரைச் சுத்திகரித்தா குடிக்கிறோம்? ஒரு தம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கரைத்துவிட்டு வைத்துப் பாருங்கள், நாக்குக்குத் தெரியும் இனிப்பு மீட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரு கரண்டி சாக்கடை நீரைக் கலந்தால், அந்தக் குடம் ஒரு குடும்பத்தையே படுக்கையில் கிடத்திவிடும். மீட்டரின் எண்ணோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிருமியை அது எண்ணுவதில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், அதாவது ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. 310 என்பது அந்த முதல் வரம்புக்கே உள்ளே இருக்கிறது. 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் குறைவான டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரங்களைத் தடை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டதற்கும் இதுதான் அடிப்படை. தண்ணீர் வீணாவதுதான் அவர்களுடைய கவலை. சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 லிட்டர் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டை வாசலில் நிறுத்திச் சாக்கடையில் திறந்துவிடுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஆர்.ஓ.வை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நான் அதன்மேல் தனி மரியாதை உள்ளவன். கடல்நீரைக் குடிநீராக்கும் அந்தச் சவ்வை 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் சிட்னி லோப், மற்றவர் ஸ்ரீநிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரம் போய்வந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் அங்குள்ள சௌரிராஜப் பெருமாள் நினைவுக்கு வந்துவிடுவார். இன்று நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுத்துத் தென்சென்னைக்கு அனுப்பும் நிலையம் 2013 முதல் இயங்குவது அந்த வழியில்தான். ஒருமுறை ஆர்.ஓ. ஆகி வரும் அந்தத் தண்ணீரை வீட்டுச் சமையலறையில் மறுபடியும் ஆர்.ஓ. செய்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இயந்திரம் பொருத்திய அன்று மீட்டர் 18 காட்டியது. வந்த உறவினர்களுக்கெல்லாம் அந்தப் பதினெட்டைக் காட்டிப் பெருமைப்பட்டேன். மூன்றாம் நாளே என் மனைவி, “காப்பி சப்பென்று இருக்கிறது, டிகாக்‌ஷனில் குறை இல்லை, தண்ணீரில்தான் ஏதோ இல்லை” என்றார். சர்வீஸ் ஆளை வரவழைத்தேன். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு சிறிய திருகை அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு, “சார், மினரல் கூட்டிவிட்டேன்” என்றார். மீட்டர் 90 காட்டியது, காப்பியும் பழைய சுவைக்கு வந்தது. எங்கிருந்து அந்த மினரல் வந்தது என்று நான் குழாய் குழாயாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். எந்தப் பொட்டலமும் இல்லை, எந்தக் குப்பியும் இல்லை. சவ்வுக்கு முன்னால் வரும் தண்ணீரில் ஒரு பங்கைச் சவ்வுக்குள் விடாமல் சுற்றி எடுத்துவந்து, சுத்திகரித்த தண்ணீரோடு கலந்துவிடும் வழி அந்தத் திருகு. என் வீட்டுக் குழாய்த் தண்ணீர் நல்லது என்றால் எனக்கு ஆர்.ஓ. வேண்டியதில்லை; கெட்டது என்றால் அதையே கொஞ்சம் கலந்து குடித்துக்கொண்டிருந்தேன். எல்லா இயந்திரங்களும் இப்படி அல்ல, சிலவற்றில் தாது உப்பு சேர்க்கும் தனிக் குழலும் உண்டு. ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் அந்தத் திருகு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே இயந்திரத்தின் எட்டு லிட்டர்த் தொட்டியை ஓராண்டு கழித்து நானே கழற்றினேன். உள்சுவரை விரலால் தடவியபோது வழவழவென்று ஒரு படலம் வந்தது. குளோரினைக் கரித்தூள் வடிகட்டி முன்பே எடுத்துவிடுகிறது, எடுக்காவிட்டால் சவ்வு கெட்டுவிடும். அதனால் அந்தத் தொட்டியில் கிடக்கும் தண்ணீருக்குக் காவல் எதுவும் இல்லை. என் பதினெட்டு அந்தப் படலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கிலும் இதே கதைதான். நீல ஒளி தெரிகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது; ஓராண்டு போல எரிந்த பிறகு அந்தக் கதிர் குறைந்துவிடும், நீல ஒளி மட்டும் அழகாகத் தொடரும்.

யாருக்கு ஆர்.ஓ. கட்டாயம் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில், கோடையில் 1,200, 1,500 என்று உப்பு ஏறினால் வாங்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு உள்ள ஊர்களில் இருப்பவர்கள், மீட்டர் என்ன காட்டினாலும், பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். புளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு; அது 3 மில்லிகிராம் இருந்தால் பற்கள் கறைபடும், எலும்பும் பாதிக்கப்படும், ஆனால் 600 என்று காட்டும் மீட்டரில் அந்த மூன்றை யார் பிரித்துப் பார்ப்பது? அந்த மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தினால் இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சோதித்துத் தருவார்கள். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல.

சகோதரி என்னிடம் கேட்டது எந்த இயந்திரம் என்று. அவர் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருக்கக்கூடிய கேள்வி, “எங்கள் சம்ப் கடைசியாக எப்போது கழுவப்பட்டது?” என்பது. சென்னைப் புறநகர் அடுக்குமாடிகளில் குழாய்த் தண்ணீர் என்று ஒன்று தனியாக இல்லை. நகராட்சித் தண்ணீர், போர் தண்ணீர், பற்றாக்குறைக்கு லாரித் தண்ணீர், மூன்றும் ஒரே சம்ப்பில் விழுந்து, மாடித் தொட்டிக்கு ஏறி, உங்கள் சமையலறைக்கு இறங்குகிறது. ஆகையால் இன்றைய 310 மே மாதத்தில் 900 ஆகலாம், ஐப்பசி மழையில் 200க்கு வரலாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கி, மாதம் ஒருமுறை அளந்து, காலண்டரில் எழுதிவையுங்கள். நான் இவ்வளவு திட்டிய மீட்டர் இதற்கு நன்றாகவே பயன்படும், ஏனென்றால் தண்ணீரின் ஆதாரம் மாறினால் அது உடனே காட்டிக்கொடுக்கும். சம்ப்பின் மூடி மழைநீர் உள்ளே போகாதபடி தரைக்கு மேல் உயர்ந்திருக்கிறதா, செப்டிக் டேங்க் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். சங்கச் செயலாளரிடம் குளோரின் சோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஆகவே என் பதில் இது. சோதனையில் புளோரைடு, நைட்ரேட் போன்றவை வரம்புக்குள் இருந்து, உப்பு இந்த அளவிலேயே நின்றால், ஆர்.ஓ. வேண்டாம். சம்ப்பையும் மாடித் தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வையுங்கள், குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற வைத்து அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கொதிக்கவைக்க நேரமில்லை என்றால் வடிகட்டியோடு சேர்ந்த யு.வி. இயந்திரம் போதும், விளக்கை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் பயப்படாதீர்கள், அது சுண்ணாம்பு. கோடைக் கணக்கு 700, 800 என்று தொடர்ந்து போய், சுவையும் பிடிக்கவில்லை என்றால், அப்போது ஆர்.ஓ. வாங்குங்கள், வெளியேறும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது விஷமில்லை, உள்ளே வந்த உப்பே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

மாமியாரை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். அவர் கண்ணால் பார்த்ததை நாம் வாயால் சொல்லி மாற்ற முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் குடிக்கும் அதே கேன் தண்ணீரை ஒரு தம்ளரில் ஊற்றி, அவரையே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் அதில் நிறுத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரியின் ஒரு முனையை ஓர் ஆணியோடும் மறுமுனையை மற்ற ஆணியோடும் ஒயரால் இணையுங்கள். சுவரில் இருக்கும் பிளக்கின் பக்கம் மட்டும் போகவே கூடாது. கால் மணி நேரத்துக்குள் அந்தத் தண்ணீரும் பச்சையாகிப் பழுப்பாகும். பிறகு ஆணியைத் துடைத்து அவர் கையில் கொடுங்கள்.