காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டா?

நடுவர் அய்யா, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு வந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தப் பொறுமையில் எனக்கும் அஞ்சு நிமிஷம் கொடுங்கள். மின்னூலுக்குப் பூட்டு, அதாவது இன்னொருவருக்கு நகலெடுத்துக் கொடுக்க விடாத டிஆர்எம், இல்லாவிட்டால் எழுத்தாளர் பட்டினிதான் என்று எதிரணி அண்ணன் உருகினார். பூட்டு வேண்டாம் என்பது எங்கள் கட்சி. எழுத்தாளருக்குக் காசு போய்ச் சேரவேண்டும், அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

ஆனால் அண்ணே, டெலிகிராமில் சுற்றுகிற தமிழ் நாவல் பிடிஎஃப் ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா? பக்கம் கோணலாக இருக்கும், நடுவே தையல் பக்கம் கருப்படித்து நாலு எழுத்தை விழுங்கியிருக்கும், ஓரத்தில் யாரோ ஒருத்தருடைய கட்டைவிரல், நகத்தோடு. அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்து போனில் படம் பிடித்திருக்கிறார்கள். இதை உங்கள் டிஆர்எம் எப்படித் தடுக்கும்? அந்த ஆள் பூட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையே!

மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவர்தான். வீட்டுக்குப் பூட்டுப் போடுவதில்லையா என்று கேட்டீர்கள். போடுகிறோம், சாவி நம் இடுப்பில் இருக்கிறது. இங்கே புத்தகம் நம்முடையது, சாவி கடைக்காரரிடம். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை இழுத்து மூடியது, வாங்கிய புத்தகமெல்லாம் ஜூலையில் போயே போச்சு. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலே 25 டாலர். நாம் யோசித்து எழுதியதற்கும் சேர்த்து ரேட்டு! அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2009-ல், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்று அமேசான் வாசகர்களுடைய கிண்டிலுக்குள் புகுந்து புத்தகத்தை அழித்தது. அழித்தது எதை? அரசாங்கமே பழைய எழுத்தையெல்லாம் அழித்துவிடுகிற கதையான ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை. சத்தியமாக நான் கட்டிவிட்ட கதையில்லை.

சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது, அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் பக்கம் போய் உட்கார்ந்தன. படித்து முடித்த கைடை அங்கே போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு எடுத்து வருகிற பிள்ளைகள் வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு உண்டு. பூட்டுப் போட்ட மின்னூலை அப்படி விற்க முடியுமா? தங்கச்சி போனுக்கு ஒரு பிரதி கொடுக்கத்தான் முடியுமா?

பூட்டை எடுத்தால் ஊரே களவாடும் என்கிறார். டோர் என்கிற அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 2012-ல் எடுத்துப் பார்த்தது. ஒரு வருஷம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அதன் பிரிட்டன் கிளைக்காரர்களே எழுதினார்கள். அவ்வளவு பயமாக இருந்தால் வாங்கியவர் பெயரைப் பக்க ஓரத்தில் பதித்துக் கொடுங்கள், தன் பெயர் போட்ட புத்தகத்தைக் கண்ட குரூப்பில் போட எவருக்கும் கை கொஞ்சம் கூசும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அமேசானில் சொந்தமாகப் புத்தகம் ஏற்றும்போது டிஆர்எம் வேண்டுமா என்று எழுத்தாளரிடமே கேட்கிறார்கள். எதிரணியில் ரெண்டு எழுத்தாளர்கள் இருக்கிறீர்கள். அங்கே என்ன போட்டீர்கள் என்று நடுவர் கேட்டுச் சொல்லட்டும்.