வானில் வளைந்து மீளும் கைட்: பிக் ஏர் போட்டிகளின் ஓராண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

2024ஆம் ஆண்டின் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை ஒட்டிய கைட் பீச் கடற்கரையில் நடந்த ‘ரெட் புல் கிங் ஆஃப் தி ஏர்’ போட்டியில் இத்தாலி நாட்டு இளைஞர் ஆண்ட்ரேயா பிரின்சிபி முதலிடம் பெற்றார். அந்தப் போட்டியில் முதன்முறையாகப் பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கப்பட்டது. அதில் வென்ற பிரான்செஸ்கா மைனியும் இத்தாலியரே. கைட் எனப்படும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலிலிருந்து உயரத் தாவும் பிக் ஏர் கைட்போர்டிங் என்னும் இந்த விளையாட்டை நம் டெல்டா மாவட்டங்களில் அறிந்தவர்கள் சிலரே. ஆனாலும் காற்றின் திசையைப் பார்த்துவிட்டுத்தான் கடலில் படகை இறக்குவது என்ற வழக்கமுள்ள நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் கரைகளில் இதைப் பற்றிப் பேசினால் எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன். நான் ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிப்பவன். ஆகவே வீரர்களைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் அவர்களைத் தூக்கிச் செல்லும் துணியைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசுவேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள பலகை ஒன்றில் வீரர் நிற்கிறார். அவர் இடுப்பில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒரு கைப்பிடித் தண்டு இணைந்திருக்கும். அதிலிருந்து 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கு மெல்லிய கயிறுகள் கைட் வரை செல்லும். கைட்டின் முன்விளிம்பு காற்றடைத்த குழாய். அதிலிருந்து பின்னோக்கி மூன்று அல்லது ஐந்து குறுக்குக் குழாய்கள் ஓடும். இவற்றுக்கிடையே மெல்லிய துணி விரிந்திருக்கும். காற்றடைத்து நிமிர்த்தும் இந்த அமைப்புக்குப் பிரான்சு நாட்டின் லெகைன்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை பெற்றார்கள். கடலில் விழுந்தாலும் மிதந்து, மீண்டும் எழக்கூடிய கைட் அப்போதுதான் கிடைத்தது. 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், கைட் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. ஆஸ்திரியாவின் வாலென்டின் போன்டுஸும் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றார்கள். அது வேகத்துக்கான பந்தயம். அதற்குரிய கைட்டும் பலகையும் வேறு. நான் பேச வந்தது உயரத்தைப் பற்றி.

உயரம் என்று சொன்னதும் எண்ணிக்கையில்தான் ஆர்வம் பிறக்கும். பலகையில் பொருத்தும் ‘வூ’ என்ற சிறு கருவி ஒவ்வொரு தாவலின் உயரத்தையும் அளந்து சொல்கிறது. 2017இல் டென்மார்க்கின் நிக் ஜேக்கப்சன் கேப் டவுனில் 28.6 மீட்டர் உயர்ந்தபோது அது பெரும் சாதனையாகப் போற்றப்பட்டது. பிறகு வந்த இளைஞர்கள் 35 மீட்டரையும் கடந்துவிட்டார்கள். எனினும் என் கருத்தில், கடந்த சில ஆண்டுகளில் இந்த விளையாட்டு அடைந்த உண்மையான வளர்ச்சியை இந்த எண்கள் காட்டவில்லை. மேலே போன வீரரைத் தாங்கிப் பிடிக்க கைட் எவ்வளவு விரைவாக அவர் தலைக்கு மேல் திரும்பி வருகிறது என்பதில்தான் அந்த வளர்ச்சி இருக்கிறது. நடுவர்களும் உயரத்தோடு துணிவையும் நுட்பத்தையும் சேர்த்துத்தான் மதிப்பெண் தருகிறார்கள்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வேகமாகப் பலகையில் செல்லும் வீரர், கைட்டைச் சட்டென்று தலைக்கு மேலே அனுப்பி, பலகையின் விளிம்பால் நீரை அழுத்தி, கயிறுகளில் ஏறிய இழுவிசையை ஒரே கணத்தில் மேல்நோக்கிய விசையாக மாற்றிக்கொண்டு எழுகிறார். இந்த அளவில் நின்றால் அது அமைதியான தாவல். கைட் தலைக்கு மேல் நிலைத்திருக்கும். அவர் மெதுவாக இறங்குவார். ஆனால் உச்சியை அடையும் நேரத்தில் தண்டின் ஒரு முனையை ஆழமாக இழுத்தால், கைட் பக்கவாட்டில் பாய்ந்து, வீரரைவிடத் தாழ்வாக இறங்கி, முழு வட்டம் சுற்றி மறுபடி மேலேறும். நெதர்லாந்தின் ரூபன் லென்டன் முதலானோர் 2000களின் முற்பகுதியில் பரப்பிய மெகாலூப் இதுதான். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும் என்பது அடிப்படை இயற்பியல். சுழலும் கைட் தன் சொந்த வேகத்தையும் காற்றின் வேகத்தோடு சேர்த்துக்கொள்வதால் அந்தக் கணத்தின் இழுப்பு மிகக் கடுமையானது. வீரர் கிடையாக வீசப்படுகிறார். அவரைத் தாங்க அப்போது மேலே எதுவும் இருப்பதில்லை.

20 மீட்டர் என்பது நம்மூரில் நன்கு வளர்ந்த நெட்டைத் தென்னையின் உயரம். அங்கிருந்து தாங்கலின்றி விழுந்தால் இரண்டே வினாடிகளில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் நீரில் மோத நேரிடும். அந்த வேகத்தில் நீர் உடலுக்கு மென்மையாக இருப்பதில்லை. ஆகவே கைட் சுழன்று மீள வேண்டிய கால அளவு இவ்வளவுதான். 2013இல் கேப் டவுனில் இந்தப் போட்டி தொடங்கியபோது ஒரு முறை சுழற்றுவதே ஆட்டத்தின் உச்சமாகக் கருதப்பட்டது. ஆரன் ஹாட்லோ 2015இலும் 2016இலும் வென்றதும், கெவின் லாங்கரீ 2014இலும் 2018இலும் வென்றதும் அந்தக் காலத்தில்தான். இன்றோ முன்னணி வீரர்கள் ஒரே தாவலில் இரண்டு முறை சுழற்றுகிறார்கள். மூன்று முறை சுழற்றுவதும் நடக்கிறது. சுழலும் இடைவெளியில் பலகையைக் காலிலிருந்து கழற்றிக் கையில் பிடித்து, மீண்டும் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பிரின்சிபியும் அவருக்கு முந்தைய வெற்றியாளரான லொரென்சோ கசாட்டியும் இந்தத் தலைமுறையின் முகங்கள். அவர்களின் திறமையையும் பயிற்சியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய கைட்டை அவர்கள் கையில் கொடுத்தால் மூன்றாவது சுழற்சி முடிவதற்குள் அவர்கள் நீரில் விழுந்திருப்பார்கள்.

மாறியது என்ன? பெரும்பாலும் துணிதான். நெடுங்காலமாக முன்விளிம்புக் குழாய் டாக்ரான் எனப்படும் பாலியெஸ்டர் நெசவுத் துணியாலும், விரிந்த பகுதி ரிப்ஸ்டாப் எனப்படும், கிழிசல் பரவாத கட்டநெசவுத் துணியாலும் தைக்கப்பட்டு வந்தன. டாக்ரான் நல்ல துணி. மலிவானது, தைக்க எளியது, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அது சிறிதளவு நீளும். வன்காற்றில் சுழலும்போது நீளும் துணியால் ஆன குழாய் வளைகிறது. குழாய் வளைந்தால் கைட்டின் வடிவம் குலைகிறது. வடிவம் குலைந்தால் அது வட்டத்தின் அடிப்பகுதியிலிருந்து மேலேறத் தாமதிக்கிறது. இதைத் தவிர்க்கக் குழாயைப் பருமனாக்கினால் காற்றுத் தடை கூடி, வேகம் குறையும். வடிவமைப்பாளர்கள் பல ஆண்டுகள் இந்த இக்கட்டிலேயே நின்றார்கள்.

2010களின் இறுதியில் கனடாவில் உருவான அலுலா என்ற பொருள் இதற்கு ஒரு விடையாக வந்தது. மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலியெத்திலீன் இழைகளே இதன் உயிர். நம் மீனவர்களின் வலைகளிலும் கயிறுகளிலும் இருக்கும் பாலியெத்திலீனின் நெருங்கிய உறவு அது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பன்மடங்கு வலியது. ஏறத்தாழ நீளவே நீளாது. கைட்டின் கயிறுகள் வெகுகாலமாக இந்த இழையால்தான் செய்யப்படுகின்றன. ஆனால் இதைத் துணியாக்குவதில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. இதன்மீது பசை எளிதில் ஒட்டாது. சுமார் 145 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும் என்பதால் சூடாக்கி ஒட்டுவதும் எளிதன்று. துணியியல் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அலுலா இழையடுக்கையும் படலத்தையும் பசையின்றியே ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. அதனால் டாக்ரானின் ஏறத்தாழ பாதி எடையில், அதைவிட விறைப்பான குழாய் கிடைக்கிறது. விறைப்பாக இருப்பதால் குழாயின் விட்டத்தைக் குறைக்கலாம். விட்டம் குறைந்தால் காற்றுத் தடை குறையும். எடையும் குறைவதால் கைட் விரைந்து திரும்பும். கனடாவின் ஓஷன் ரோடியோ முதலில் இதைப் பயன்படுத்தியது. பின்னர் டியோடோன் போன்ற பெரிய நிறுவனங்களும் தங்கள் உயர்வகை கைட்டுகளில் இதைக் கொண்டுவந்தன. இன்று உச்சநிலைப் போட்டிகளில் இதுவோ இதைப் போன்ற வேறு விறைப்புத் துணியோ கொண்ட கைட்டுகள் பரவலாகிவிட்டன.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இத்தகைய கைட் ஒன்றின் விலை சாதாரண டாக்ரான் கைட்டைவிட மிக அதிகம். நிறுவனங்களின் ஆதரவு பெற்ற வீரருக்கு அது பொருட்டல்ல. ஆதரவில்லாத இளைஞரோ அதே வன்காற்றில் பழைய துணியோடு இறங்கி, அதே சுழற்சிகளை முயல்கிறார். ஆபத்து அங்கேதான் கூடுகிறது. 2016ஆம் ஆண்டின் போட்டியில் பிரிட்டனின் லூயிஸ் க்ராதர்ன் உயரத்திலிருந்து விழுந்து, நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். நல்வாய்ப்பாக மீண்டு, கடலுக்கும் திரும்பினார். தலைக்கவசமும் மோதலைத் தாங்கும் மார்புக் கவசமும் இன்று பரவலாகிவிட்டதை நான் துணியின் முன்னேற்றத்துக்கு இணையாகவே மதிக்கிறேன். பெண்கள் பிரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்று வலுத்து நிலைபெற்றிருக்கும் நேரத்தை ஆண்களின் சுற்றுகளுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய காற்றில் பெண்களை இறக்கும் வழக்கம் எந்தப் போட்டியிலும் வேரூன்றக் கூடாது. சமமான காற்று கிடைத்தால்தான் அவர்கள் எட்டக்கூடிய உயரம் நமக்குத் தெரியவரும்.

கேப் டவுனில் கோடைக்காலத்தில் வீசும் வலிய தென்கிழக்குக் காற்றுக்குக் ‘கேப் டாக்டர்’ என்று பெயர். போட்டி நடத்துவோர் நாளை முன்கூட்டிக் குறிப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரக் கால அளவை அறிவித்துவிட்டு, காற்று கனியும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். நெதர்லாந்தின் சான்ட்ஃபோர்ட்டில் நடக்கும் மெகாலூப் போட்டிக்கு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். வேகம் மட்டும் போதாது. காற்று எந்தத் திசையிலிருந்து கரையைத் தொடுகிறது என்பதே முதல் கேள்வி.

இந்த இடத்தில் நம் டெல்டாவுக்கு வருகிறேன். நாகப்பட்டினம் முதல் கோடியக்கரை வரை நம் கரை கிழக்கு நோக்கியது. ஆனி, ஆடியில் வலுத்து வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கைட் பழகுபவருக்கு இதைவிட ஆபத்தான திசை வேறில்லை. தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் கடந்து வருவதால் அது சிதறி, விட்டுவிட்டு வீசும்; தவறி விழுந்தவரைக் கரைக்குத் தள்ளாமல் ஆழ்கடலுக்குக் கொண்டு போகும். கோடியக்கரையைச் சுற்றி மேற்கே திரும்பினால், பாக் நீரிணையை நோக்கிய தென்கரையில் இந்தக் காற்று சாய்வாகக் கரையேறுகிறது. ஆனால் அங்கே சேறும் அலையாத்திக் காடும் உண்டு. கோடியக்கரை பறவைகளின் சரணாலயம். பூநாரைகள் வந்து தங்கும் இடத்தின் மேல் கைட்டைப் பறக்கவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வாடைக்காற்று கடலிலிருந்து சாய்வாக நம் கிழக்குக் கரைக்கு வரும். மழையும் புயலும் இல்லாத தை, மாசி நாட்களே அதற்கு ஏற்றவை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் யாரும் இறங்கக் கூடாது.

இதைக் கற்க விரும்பும் இளைஞர்கள் ராமேஸ்வரத்துக்குச் செல்லலாம். அங்கே பல ஆண்டுகளாக முறையான பயிற்சி தரப்படுகிறது. கடலுக்கு அப்பால், தமிழ் பேசப்படும் இலங்கையின் கற்பிட்டியும் உலக அளவில் பெயர் பெற்ற இடம். இணையத்தில் பழைய கைட்டை வாங்கித் தனியே பழகுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் கற்க வேண்டியது தாவுவதை அன்று. இடுப்புப் பட்டையோடு தண்டு இணையும் இடத்தில் உள்ள அவசர விடுவிப்புப் பிடியை, கண்ணை மூடிக்கொண்டும் ஒரே அசைவில் விடுவிக்கும் பயிற்சியை. கைட்டின் விசையை ஒரு கணத்தில் அறுத்துவிட அதுவே வழி. பழகும் நாட்களில் கரையில் ஒரு மீன்பிடிப் படகு தயாராக இருப்பதும், அந்தப் படகுக்காரரிடம் அன்றைய காற்று மாலையில் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டுவிட்டு இறங்குவதும் அவசியம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.